தென்னாட்டுக்குப் பூகம்பம் வராதா?

1993 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் விநாயகர் ஊர்வலங்கள் நடந்தன. பத்து நாள் திருவிழா முடிந்து, சிலைகளைக் கரைத்துவிட்டு, களைத்துப்போன மக்கள் நேரங்கழித்து வீடு திரும்பிப் படுத்தார்கள். மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்பு கில்லாரி என்ற கிராமத்தின் அருகே பூமி அதிர்ந்தது. 6.2 அளவு நிலநடுக்கம். அரசுக் கணக்கின்படி ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அதே அளவு நடுக்கம் ஜப்பானிலோ சிலியிலோ வந்திருந்தால் பெரும்பாலும் சில காயங்களோடு முடிந்திருக்கும்.

கொன்றது வீடுகள். கருங்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டிய சுவர்கள் இரண்டடிக்கும் மேல் கனமானவை. பார்க்கக் கோட்டைபோல இருந்தாலும் ஒவ்வொரு சுவரும் உள்ளே இரண்டு தனித்தனி முகங்கள்தான். வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். இரு முகங்களையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கற்கள் இல்லை. மேலே மரச்சட்டங்கள், அவற்றின் மீது வெயிலைத் தடுக்கக் கொட்டிய கனத்த மண்கூரை. தரை சில விநாடிகள் ஆடியதும் சுவரின் இரு முகங்களும் பிரிந்து சரிந்தன; டன் கணக்கில் மண் உறங்கியவர்கள் மேல் இறங்கியது. அந்த ஊர்களில் கூரை வேய்ந்த குடிசையில் படுத்திருந்த ஏழைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

அன்றைய இந்திய நிலநடுக்க வரைபடத்தில் இந்தப் பகுதி முதல் மண்டலத்தில் இருந்தது. அதாவது, நாட்டிலேயே மிகக் குறைந்த ஆபத்துள்ள இடம். அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். கைவசம் இருந்த தரவை வைத்து நேர்மையாகத்தான் போட்டார்கள். கோளாறு அந்தத் தரவு பேசிய காலத்தின் நீளத்தில் இருந்தது. சில நூறு ஆண்டுகளின் பதிவை வைத்துக்கொண்டு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அசையும் நிலப்பிளவுகளைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் தென்னிந்தியாவின் பொதுப்புத்தியில் “இங்கெல்லாம் பூகம்பம் வராது” என்ற நினைப்பு அப்படியே இருக்கிறது. வீடு கட்டுவோரிடமும் இருக்கிறது, கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகங்களிலும் இருக்கிறது. அறிவியல் அந்த நினைப்பை எப்போதோ கைவிட்டுவிட்டது.

பள்ளிப் பாடம் சொல்வது எளிமையானது. பூமியின் மேலோடு பல புவித்தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. தட்டுகள் உரசும் விளிம்புகளில் நிலநடுக்கம் வருகிறது. பெரும்பாலான நடுக்கங்களுக்கு இது சரி. ஜப்பான், சுமத்ரா, இமயமலை எல்லாம் விளிம்புகள். ஆனால் தட்டின் நடுப்பகுதியும் நடுங்குகிறது. அங்கே நடுக்கங்கள் அரிதானவை. ஆனால் வரும்போது எதிர்பாராத இடத்தில், ஆயத்தமே இல்லாத மக்கள் மேல் வருகின்றன.

இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கு, வடகிழக்காக நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து கோடி ஆண்டுகளாக நடக்கும் இந்த மோதலின் அழுத்தம் இமயமலையோடு நின்றுவிடுவதில்லை. கன்னியாகுமரி வரை மொத்தப் பாறைத் தட்டும் அந்த நெருக்கலைத் தாங்கி நிற்கிறது. இமயத்தின் அடியில் சொருகும்போது தட்டு வளைகிறது. வளையும் தட்டு மத்திய இந்தியாவில் சற்றே மேலே புடைக்கிறது என்றும், உள்நாட்டு நடுக்கங்கள் பலவற்றுக்கு அந்த வளைவு ஒரு காரணம் என்றும் ரோஜர் பில்ஹாமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-ல் எழுதினார்கள்.

அழுத்தம் எங்கும் இருக்கிறது. அது பழைய காயங்களின் வழியே வெளியேறுகிறது. தீபகற்பம் ஒரே கல்லால் ஆனதல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பழைய நிலத்துண்டுகள் ஒட்டிச் சேர்ந்தது. பிறகு கோண்டுவானா கண்டம் உடைந்தபோது சில இடங்களில் கிழிந்தது. நர்மதை - சோன் பள்ளத்தாக்கு, கோதாவரிப் பள்ளத்தாக்கு, கட்ச் ஆகியவையும், தெற்கே பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிக் கிழக்கே காவிரிப் பக்கம் நீளும் பழம்பாறைச் சிதைவு வலயமும் அப்படிப்பட்ட தழும்புகள். 1997 மே 22 அன்று ஜபல்பூரில் வந்த 5.8 அளவு நடுக்கத்தின் மையம் சுமார் 35 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. நர்மதை வலயத்தின் பழைய பிளவு மேலோட்டின் அடிப்பகுதி வரை உயிரோடு இருக்கிறது என்பதை அது காட்டியது. கில்லாரியிலோ நடுக்கம் தரைக்கு மிக அருகிலேயே பிறந்து, வயல்வெளியில் தரையையே கிழித்துக் கரைபோல மண்ணைத் தூக்கி நிறுத்தியது. ஒரே தட்டின் நடுவில், நான்கு ஆண்டு இடைவெளியில், இரண்டு முற்றிலும் வேறான நடுக்கங்கள்.

இத்துறையின் உண்மையான புதிர் இனிமேல்தான் தொடங்குகிறது. விளிம்புகளில் இருக்கும் பிளவுகளுக்கு ஒரு தாளம் உண்டு. தட்டு ஆண்டுக்கு இத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது, பிளவு பூட்டிக்கிடக்கிறது, இத்தனை நூற்றாண்டில் இவ்வளவு அழுத்தம் சேரும் என்று ஓரளவு கணக்குப் போடலாம். நடுக் கண்டத்தில் இந்தக் கணக்கு கைகொடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கே டென்னன்ட் கிரீக் என்ற இடத்தில் 1988 ஜனவரி 22 அன்று சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மூன்று நடுக்கங்கள் வந்தன. மூன்றும் 6 அளவைத் தாண்டியவை, பெரியது 6.6. முப்பது கிலோமீட்டருக்கு மேல் தரை கிழிந்தது. எரிவாயுக் குழாய் நெளிந்து மடங்கியது. பிறகு அறிவியலாளர்கள் அந்தக் கிழிசலின் குறுக்கே குழி வெட்டி மண் அடுக்குகளைப் படித்தபோது, பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தப் பிளவு அசைந்ததற்கான அடையாளமே கிடைக்கவில்லை. அந்த மண் அடுக்குகளை மட்டும் வைத்து எந்த வரைபடமும் அங்கே ஆபத்தின் சிவப்பு வண்ணம் பூசியிருக்க நியாயம் இல்லை.

சீனா இன்னும் பெரிய பாடம் சொல்கிறது. அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளாக அரசவைக் குறிப்புகளிலும் ஊர் வரலாறுகளிலும் நிலநடுக்கங்கள் பதிவாகி வந்திருக்கின்றன. 1556-ல் ஹுவாசியன் நடுக்கம் 8,30,000 உயிர்களைப் பலிகொண்டது என்பது வரை எழுத்தில் உண்டு. ஆய்வாளர்கள் மியான் லியூவும் சேத் ஸ்டைனும் அவர்களோடு இணைந்தவர்களும் வட சீனத்தின் இந்தப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளில் 7 அளவுக்கு மேற்பட்ட நடுக்கம் ஒன்றுகூட ஒரே பிளவுப் பகுதியில் இரண்டாம் முறை வரவில்லை. ஒருமுறை இங்கே, அடுத்த முறை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வேறொரு பிளவில், பிறகு வேறெங்கோ. 1976-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொன்ற டாங்ஷான் நடுக்கமும் அப்படி ஆபத்துக் குறைவாகக் கருதப்பட்ட இடத்தில்தான் வந்தது. ஒரு பிளவு தன் அழுத்தத்தை விடுவிக்கும்போது அக்கம்பக்கப் பிளவுகளின் சுமை மாறிவிடுகிறது. வலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மற்ற இழைகள் இறுகுவதுபோல.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு முடிவை ஸ்டைனும் லியூவும் 2009-ல் வெளியிட்டார்கள். பெரிய நடுக்கத்துக்குப் பின் சிறு அதிர்வுகள் தொடரும். தட்டின் விளிம்பில் அவை சில ஆண்டுகளில் அடங்கிவிடும். தட்டு விரைந்து நகர்வதால் பிளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கண்டத்தின் நடுவில் எல்லாமே மெதுவாக நடப்பதால் பின்னதிர்வுகள் நூற்றாண்டுக் கணக்கில் நீளலாம். அப்படியானால் ஓர் இடத்தில் இன்று அடிக்கடி வரும் சிறு அதிர்வுகள், வரப்போகும் பெரிய நடுக்கத்தின் முன்னறிவிப்பாக இல்லாமல், எப்போதோ நடந்து முடிந்ததன் எச்சமாகவும் இருக்கலாம். சிறு அதிர்வுகள் வரும் இடங்களையே ஆபத்தான இடங்கள் என்று வரைபடத்தில் குறிக்கும் பழக்கத்தின் அடித்தளத்தையே இது அசைக்கிறது.

அமெரிக்காவில் இந்த விவாதம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நடக்கிறது. 1811 டிசம்பர் 16 தொடங்கி 1812 பிப்ரவரி 7 வரை நியூ மாட்ரிட் பகுதியில் மூன்று பெரும் நடுக்கங்கள் வந்தன. ஆறு சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓடியது. டென்னசியில் ரீல்ஃபுட் ஏரி உருவாயிற்று. மார்ட்டிஷியா டட்டில் என்ற ஆய்வாளர் அங்குள்ள வயல்களில், பழைய நடுக்கங்களின்போது தரைக்கடியிலிருந்து பீறிட்டு வந்த மணலின் தடயங்களைத் தேடி, கி.பி. 900 வாக்கிலும் 1450 வாக்கிலும் இதேபோன்ற நடுக்கங்கள் வந்ததைக் கண்டறிந்தார். இது ஒரு பக்கம். மறுபக்கம், ஆண்டுக்கணக்கில் ஜிபிஎஸ் கருவிகளால் அளந்தும் அங்கே நிலம் நகர்வதாகவே தெரியவில்லை. அந்தப் பிளவு ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கலாம், அதற்காகக் கலிஃபோர்னியா அளவுக்குச் செலவழிப்பது வீண் என்று ஸ்டைன் வாதிடுகிறார். இருவரும் நேர்மையான தரவோடு பேசுகிறார்கள். கண்டத்தின் நடுப்பகுதி பற்றிய அறிவு இன்று நிற்கும் இடம் இதுதான்.

இந்த நிச்சயமின்மையைக் காரணம் காட்டி, “அறிவியலாளர்களுக்கே தெரியாது, அப்புறம் நாம் என்ன செய்ய?” என்று கைவிரிப்பவர்கள் உண்டு. அது தவறான முடிவு. எங்கே, எப்போது என்று சொல்ல முடியாத ஆபத்து, எல்லோருக்கும் சிறிதளவு சொந்தமான ஆபத்து. அதற்கேற்ற பதிலும் அப்படியே இருக்க வேண்டும்: பரவலானதாக, மலிவானதாக, நிரந்தரமானதாக.

முதலில் ஆய்வின் பக்கம். இந்தியாவில் இத்துறைக்குப் பெருமைப்படத்தக்க மரபு உண்டு. தாமஸ் ஓல்டாம் தொகுத்த இந்திய நிலநடுக்கப் பட்டியல் 1883-ல் வெளியானது. 1897-ன் ஷில்லாங் பெருநடுக்கத்துக்குப் பின் கல்கத்தா, பம்பாய் நகரங்களோடு கோடைக்கானலிலும் 1899-ல் நில அதிர்வுக் கருவி வைக்கப்பட்டது. கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1960-களில், பிற நாடுகளின் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிய அமைத்த கருவித் தொகுதி இன்றும் குறிப்பிடத்தக்கது. இத்தனை இருந்தும் கில்லாரி நடுக்கத்தின்போது தக்காணத்தில் கருவிகளின் வலை மெலிந்திருந்தது. 1992-ன் பிற்பகுதியில், அதாவது பேரழிவுக்கு ஓராண்டு முன்பே, அந்த வட்டாரத்தில் சிறு அதிர்வுகள் கூட்டம் கூட்டமாக வந்தன. அக்டோபரில் வந்த ஒன்று 4 அளவைத் தாண்டியது. அவற்றை அருகிலிருந்து அளக்கப் போதிய கருவிகள் அங்கே இல்லை.

அந்த அதிர்வுகளைப் பார்த்து ஊரைக் காலி செய்திருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது. ஆனால் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் 2018 நவம்பர் முதல் ஆயிரக்கணக்கில் சிறு அதிர்வுகள் வந்தன. பெரியது 4 அளவை ஒட்டியே நின்றது. பேரழிவு எதுவும் தொடரவில்லை. ஒரு கூட்டம் முன்னோட்டமாகிறது, இன்னொன்று தானாக அடங்குகிறது. இரண்டையும் முன்கூட்டிப் பிரித்தறியும் வழி இன்று யாரிடமும் இல்லை. நாளும் நேரமும் குறித்து வாட்ஸ்அப்பில் சுற்றும் பூகம்ப ஆருடங்களை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

கில்லாரிக்குப் பின் நடந்த ஆய்வு மெச்சத்தக்கது. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அங்கே 617 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டது. மேலே 338 மீட்டர் தடிமனுக்கு எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை; அதற்கும் கீழே அதைவிடப் பல மடங்கு பழைய அடித்தளப் பாறை. தக்காணத்தில் ஆய்வாளரின் சங்கடம் இதில் விளங்கும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டிய எரிமலைக் குழம்பு பழைய பிளவுகளை மூடிவிட்டது. மேலே நின்று பார்த்தால் சமவெளிதான் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து சென்ற சி.பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும் கிழிந்த தரையின் குறுக்கே குழிகள் வெட்டிப் பார்த்து, 1993-ல் அசைந்த பிளவு புதிதாகப் பிறந்ததல்ல, அதற்கு முன்பும் அசைந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அதோடு நிற்காமல், அருகிலிருக்கும் தேர் என்ற ஊருக்குப் போனார்கள். பழங்காலத்தில் தகரம் என்ற பெயரில் வணிகத்துக்குப் புகழ்பெற்ற நகரம் அது. அங்குள்ள பழைய கட்டடங்களின் சிதைவுகளில் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நடுக்கத்தின் தடயத்தைக் கண்டதாக எழுதினார்கள்.

மண்ணையும் கட்டடத்தையும் சேர்த்துப் படிக்கும் இந்த முறை தமிழகத்துக்கு மிகவும் பொருந்தும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் கற்கோயில்களும், திருப்பணிகளைத் தேதியிட்டுச் சொல்லும் கல்வெட்டுகளும் இத்தனை அடர்த்தியாக உள்ள இடங்கள் உலகிலேயே குறைவு. எந்தக் கோயிலில் எந்த நூற்றாண்டில் கோபுரமோ மண்டபமோ சரிந்து மறுபடி கட்டப்பட்டது, அது போராலா, வெள்ளத்தாலா, நில அதிர்வாலா என்று கல்வெட்டறிஞரும் தொல்லியலாளரும் புவியியலாளரும் ஒன்றாக உட்கார்ந்து தேட வேண்டும். கருவிகள் சொல்லும் நூற்றிருபது ஆண்டு வரலாற்றை ஆயிரம் ஆண்டாக நீட்டிக்க அது ஒரு வழி. செலவும் பெரிதல்ல.

கொய்னா வேறு வகைப் பாடம். மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் 103 மீட்டர் உயர அணை கட்டி 1960-களின் தொடக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கியதும் சுற்றிலும் அதிர்வுகள் ஆரம்பித்தன. 1967 டிசம்பர் 11 அதிகாலை 6.3 அளவு நடுக்கம் வந்தது. ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். அணையிலும் விரிசல் கண்டது. நீர்த்தேக்கம் தூண்டிவிட்ட நடுக்கங்களில் உலகிலேயே பெரியதாக அது கருதப்படுகிறது. அணை நீர் பிளவை உருவாக்கவில்லை. ஏற்கெனவே வெடிக்கும் நிலையில் இருந்த பிளவுக்குள் நீரின் அழுத்தம் ஊடுருவி, இரு பாறை முகங்களுக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்தியது. 1985-ல் அருகில் வார்ணா அணை நிரம்பத் தொடங்கியபின் அதிர்வுகள் தெற்கேயும் பரவின. புவி இயற்பியலாளர் ஹர்ஷ் குப்தாவும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாக இந்தச் சின்ன வட்டாரத்தைப் பின்தொடர்ந்தார்கள். கராட் நகரில் இதற்கென ஆழ்துளைப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடம் எழுந்தது; 2017-ல் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு முன்னோடித் துளை முடிந்தது. நடுக்கம் பிறக்கும் பாறையின் வெப்பம், அழுத்தம், நீர் ஆகியவற்றை அருகிலேயே அளக்கும் வாய்ப்பு உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. உடனடிப் பலன் கேட்காமல் அரசு பணம் போட வேண்டிய ஆய்வு இது. ஓர் ஆட்சியின் ஐந்தாண்டுக்குள் முடியக்கூடிய வேலையல்ல. நடுவில் நிறுத்தினால் போட்டதும் வீண்.

இனி வரைபடத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். இந்திய நிலநடுக்க மண்டல வரைபடம் 1962-ல் வந்தது. கொய்னா அதிர்ந்தபின் 1970-ல் திருத்தப்பட்டது. கில்லாரியும், 2001-ல் கட்ச்சின் பூஜ் நகரும் அழிந்தபின் 2002-ல் மறுபடி திருத்தப்பட்டது. முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டு, நான்கு மண்டலங்கள் ஆயின. லாத்தூர் மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. அழிவு முந்துகிறது, வரைபடம் பின்னால் வருகிறது. தட்டின் நடுப்பகுதியில் கடந்தகால நடுக்கங்களை மட்டும் நம்பி வரைந்தால் இப்படித்தான் ஆகும். டென்னன்ட் கிரீக்கும் வட சீனமும் காட்டிய உண்மை இங்கும் பொருந்தும்: அடுத்த கில்லாரி கில்லாரியில் வராமல், இன்று வெளிர் நிறத்தில் இருக்கும் ஏதோ ஒரு மாவட்டத்தில் வரலாம்.

வரைபடம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? கட்ச் அதற்குப் பதில் சொல்கிறது. 1819-ல் அங்கே வந்த நடுக்கம் சுமார் 90 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தை மேடாக உயர்த்தியது. ஊர்மக்கள் அதற்கு ‘அல்லா பந்த்’, கடவுள் கட்டிய கரை, என்று பெயர் வைத்தார்கள். சிந்த்ரி கோட்டை நீரில் மூழ்கியது. சார்லஸ் லையலின் புவியியல் நூலில் அது இடம்பெற்றது. ஆகவே கட்ச் ஆபத்தான நிலம் என்பது உலகத்துக்கே தெரியும். அன்றைய வரைபடத்தில் அது மிக உயர்ந்த ஐந்தாம் மண்டலம். அப்படியிருந்தும் 2001 ஜனவரி 26 காலை 7.7 அளவு நடுக்கம் வந்தபோது, அரசுக் கணக்கின்படி ஏறத்தாழ 13,800 பேர் இறந்தார்கள். நடுக்க மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் நொறுங்கின. விழுந்தவற்றில் பல, தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்களின் மேல் நின்று, கார் நிறுத்த இடம் விட்ட கட்டடங்கள். மேல்தளங்கள் சுவர்களால் விறைப்பாக இருக்க, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத் தூண்களே வாங்கிக்கொண்டு முறிந்தன.

சென்னை, கோவை, மதுரை என எந்த நகரத்தின் தெருவில் நடந்தாலும் இத்தகைய கட்டடங்களைப் பார்க்கலாம். கோவைக்கு இதில் தனிக் கவலை உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று அந்த வட்டாரத்தில் சுமார் 6 அளவு நடுக்கம் வந்தது. தென்னிந்தியா முழுவதும் பரவலாக உணரப்பட்டது. அன்றைய கோவை ஒரு சிறு நகரம், வீடுகள் தாழ்வானவை. இன்று அங்கே அதே நடுக்கம் வந்தால் மேலே இருப்பது பல அடுக்கு மருத்துவமனைகளும் கல்லூரி விடுதிகளும் ஆலைகளும். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவு நடுக்கம் வந்து சென்னை வரை மக்களைத் தெருவுக்கு ஓட வைத்தது. 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அந்த வரைபடத்தில் கோவையும் மூன்றில்தான் இருந்தது. உள்நாட்டுப் பழம்பாறை குளிர்ந்தும் இறுகியும் இருப்பதால் அதிர்வலைகள் அதில் அவ்வளவாகத் தேயாமல் வெகுதூரம் போகும். மிதமான நடுக்கம்கூடப் பரந்த நிலப்பரப்பை ஆட்டும். அமெரிக்காவின் கிழக்கே வர்ஜீனியாவில் 2011-ல் வந்த 5.8 அளவு நடுக்கம் கனடா வரை உணரப்பட்டதும், வாஷிங்டன் நினைவுத் தூணில் விரிசல் விட்டதும் இதனால்தான்.

இதற்காகக் கலிஃபோர்னியாவின் விதிகளை அப்படியே திருநெல்வேலியில் திணிக்கச் சொல்வது சரியல்ல. அந்த இடத்தில் ஸ்டைனின் எச்சரிக்கை நியாயமானது. ஏழை நாட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வேறு தேவை இருக்கிறது. ஆனால் இங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் புதுச் செலவல்ல. இருக்கும் விதியைக் கடைப்பிடிப்பதுதான். மூன்றாம் மண்டலத்துக்கு நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பிக்கட்டு முறை ஏற்கெனவே இந்தியத் தர விதிகளில் உள்ளது. தூணும் பீமும் சேரும் இடத்தில் ரிங் கம்பிகளை நெருக்கமாக வைப்பது, ரிங்கின் முனைக் கொக்கியை 135 பாகைக்கு உள்நோக்கி மடிப்பது, தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தால் அங்கே தூண்களைக் கூடுதல் வலுவாகப் போடுவது அல்லது சில இடங்களில் கான்கிரீட் சுவர் கொடுப்பது. செங்கல் வீட்டில் ஜன்னல், கதவுகளின் மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டு நிறுத்தாமல், வீட்டைச் சுற்றி முழுதாக ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டையாக அமைப்பது. கில்லாரியில் இப்படி ஒரு பட்டையும், சுவரின் இரு முகங்களையும் கோக்கும் சில நீளக்கற்களும் இருந்திருந்தால் பல குடும்பங்கள் தப்பியிருக்கும்.

அரசின் கடமை இன்னும் நேரடியானது. பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகியவற்றை இரண்டாம் மண்டலமா, மூன்றாம் மண்டலமா என்று பார்க்காமல் ஒரு படி மேலான வலுவோடு கட்ட வேண்டும். பழைய அரசுப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து வலுப்படுத்த வேண்டும். கட்டட அனுமதி தரும் அலுவலகம் வரைபடத் தாளில் முத்திரை குத்துவதோடு நிற்காமல், கான்கிரீட் கொட்டும் முன் கம்பிக்கட்டைப் பார்க்க ஆள் அனுப்ப வேண்டும். கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுவோருக்கும் அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி தர வேண்டும். விதிப் புத்தகத்தின் தலைவிதியைக் கடைசியில் நிர்ணயிப்பவர்கள் அவர்கள்தான். நீர்த்தேக்கங்களைச் சுற்றி நிரந்தரமாக நில அதிர்வுக் கருவிகள் இயங்க வேண்டும். அவற்றின் தரவு பொதுமக்களும் மாணவர்களும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். சிறு அதிர்வு வந்தால் மறைக்காமல், மிகைப்படுத்தாமல், தெரிந்ததை அன்றே மக்களிடம் சொல்ல வேண்டும்.

வீடு கட்டுகிறவர்கள் அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கான்கிரீட் கொட்டும் நாளுக்கு முன்பே பொறியாளரிடமும் மேஸ்திரியிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: லிண்டல் பட்டை வீட்டைச் சுற்றி முழுதாக ஓடுகிறதா? தூண்களில் ரிங்கின் கொக்கிகள் உள்ளே மடிந்திருக்கின்றனவா? கீழே கார் நிறுத்தும் தளத்தின் தூண்களுக்கு நிலநடுக்கக் கணக்கு போட்டாயிற்றா? தெளிவான பதில் வரும் வரை கலவையைக் கொட்ட அனுமதிக்காதீர்கள்.